பிளாக்ஸ்பர்க்கை விட்டுப் போகாத பட் ஃபாஸ்டர்

பட் ஃபாஸ்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "எல்லாம் சரி, ஆனால் அவர் ஒரு தடவைகூட ஹெட் கோச் ஆகவில்லையே." அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சியாளர்களின் வாழ்க்கையை அளக்க எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாகச் சேர வேண்டும். பிறகு லைன்பேக்கர், கார்னர் என்று ஏதாவது ஓர் இடத்தில் ஆடுபவர்களை மட்டும் பழக்கும் பொசிஷன் கோச். பிறகு ஒஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) அல்லது டிஃபென்ஸ் (அதைத் தடுக்கும் பக்கம்) முழுவதையும் நடத்தும் கோ-ஆர்டினேட்டர். அதன் பிறகு ஹெட் கோச். நடுவில் நின்றுவிட்டவர் தேங்கிப்போனவர். ஃபாஸ்டர் 1987 முதல் 2019 வரை 33 சீசன் பிளாக்ஸ்பர்க் ஊரில் உள்ள வர்ஜீனியா டெக்கில் இருந்தார். 1995இல் இருவரில் ஒருவராகவும், 1996 முதல் தனியாகவும் டிஃபென்ஸை நடத்தினார். அந்தக் கணக்கின்படி 25 வருடம் ஒரே இடத்தில் நின்றவர். எனக்கு இது ஒப்பவே இல்லை. அவர் அமைத்த டிஃபென்ஸை உற்றுப் பார்த்தால், இன்னொரு ஊருக்குப் போயிருந்தால் அதை அமைத்திருக்கவே முடியாது என்றுதான் தோன்றுகிறது.

அவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது ஒரே ஒரு எண்ணிக்கைப் பிரச்சினையோடு. ஒஃபென்ஸ் வரிசையில் ஐந்து லைன்மேன்கள். அவர்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக ஆறு இடைவெளிகள். டைட் எண்ட் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டால் ஏழு. பந்தோடு ஓடுபவர் எதில் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால், ஒவ்வொரு இடைவெளிக்கும் டிஃபென்ஸில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பந்தை முதலில் வாங்கும் குவார்ட்டர்பேக் அதை ஓடுபவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்வரை டிஃபென்ஸுக்கு ஓர் ஆள் லாபம். அவரே ஓட ஆரம்பித்தால் அந்த லாபம் போய்விடும். எதிராளியைப் பார்த்துவிட்டு குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் ரீட் ஆப்ஷனில் இன்னும் கஷ்டம். ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெளியே நின்றால் பந்து ஓடுபவரான ரன்னிங் பேக்குக்குப் போகும். எண்டைத் தடுக்க வேண்டியிருக்காத லைன்மேன் உள்ளே போய், டிஃபென்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை அடைத்துக்கொள்வார். இதைச் சமாளிக்கப் பின்னால் நிற்கும் ஒருவரை முன்னே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் பின்னால் ஓர் ஆள் குறையும். இந்த ஓர் ஆளை எங்கிருந்து எடுப்பது, எடுத்த இடத்தை எப்படி மறைப்பது என்பதுதான் ஃபாஸ்டரின் 25 வருட வேலை.

முர்ரேயிலிருந்து

இலினாயின் நோகோமிஸ் ஊர்க்காரர். கென்டக்கியின் முர்ரே ஸ்டேட்டில் ஆடியபோது அங்கே டிஃபென்ஸை நடத்தியவர் ஃபிராங்க் பீமர். 1981இல் பீமர் அதே கல்லூரிக்கு ஹெட் கோச் ஆனதும் ஃபாஸ்டர் அவரிடம் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தார். 1987இல் பீமர் தான் படித்த வர்ஜீனியா டெக்குக்குப் போனபோது ஃபாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனார். பீமர் அங்கே ஜெர்ரி கிளெய்போர்னிடம் ஆடியவர். கிளெய்போர்ன் நடத்தியது வைட் டேக்கிள் சிக்ஸ் என்னும் பழைய அமைப்பு. முன்னால் எட்டு பேரைக் கொண்டுவந்து ஓட்டத்தை அடைத்துவிடுவது அதன் அடிப்படை. ஃபாஸ்டரின் டிஃபென்ஸுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் சில வருடங்கள் பீமருக்கே ஆட்டம் கண்டது. 1992இல் 2 வெற்றி, 8 தோல்வி, 1 சமன். அந்தத் தோல்விகளில் பல, கடைசிக் கால்பகுதியில் முன்னிலையைப் பறிகொடுத்து வந்தவை. பயிற்சியாளர் குழு மாற்றப்பட்டது. 1993இல் வந்த ஃபில் எல்மாசியன் எட்டு பேர் முன்வரிசையை மறுபடி கொண்டுவந்து, காத்திருக்காமல் பாய்ந்து ஆடும் டிஃபென்ஸாக மாற்றினார். ஃபாஸ்டர் அந்த மாற்றத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்து கற்றுக்கொண்டார். எல்மாசியன் போனபின் 1995இல் பொறுப்பு ஃபாஸ்டருக்கும் ராட் ஷார்ப்லெஸுக்கும் சேர்ந்து வந்தது. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, சின்சினாட்டியிடம் 16-0. பிறகு தொடர்ந்து பத்து வெற்றி. டிசம்பர் 31 அன்று சீசன் முடிவில் நடக்கும் ஷுகர் பௌல் ஆட்டத்தில் டெக்சாஸை 28-10 என்று வென்றார்கள். அந்த சீசனில்தான் தகர டிபன் பெட்டி வந்தது. ஷார்ப்லெஸின் மாமியார் நியூ ஜெர்சியில் ஒரு சுரங்கத் தொழிலாளியிடமிருந்து வாங்கிக் கொடுத்தது. அந்த வாரம் யார் உழைத்தாரோ அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். 2007 ஏப்ரல் 16 அன்று அந்தக் கல்லூரி வளாகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவர்களின் பெயர்களும் அந்தப் பெட்டிக்குள் போயின. டிவியில் அடிக்கடி காட்டப்பட்டதால் ஃபாஸ்டர் என்றாலே பலருக்குப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. அவர் வரைந்த கோடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கல்லூரி மைதானத்தின் அகலம் 160 அடி. 1993இல் ஹாஷ் கோடுகளுக்கு (இவற்றுக்குள் பந்தை வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார்கள்) இடையிலான தூரத்தை 40 அடியாகக் குறைத்தார்கள். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி இருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் ஹாஷ்கள் நடுவை ஒட்டியே இருப்பதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கல்லூரி ஆட்டத்தில் எல்லாமே இதை வைத்துத்தான். அதனால் ஃபாஸ்டர் ஆட்களை இடது, வலது என்று நிறுத்தவில்லை. அகலப் பக்கம், குறுகிய பக்கம் என்று நிறுத்தினார். ஓரத்து ரிசீவரைக் காக்கும் கார்னர்களில் அகலப் பக்கத்துக்கு ஒருவர், குறுகிய பக்கத்துக்கு இன்னொருவர். அகலப் பக்கத்தில் விப் என்று ஒருவர்: லைன்பேக்கரைவிட வேகம், பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டியைவிட உடல் கனம். பாதி லைன்பேக்கர், பாதி சேஃப்டியாக ரோவர். நடுவில் மைக், பேக்கர் என்று இரண்டு லைன்பேக்கர்கள். பின்னால் ஃப்ரீ. லைனில் ஓர் எண்டின் பெயர் ஸ்டட். குறுகிய பக்கத்துக் கார்னருக்குக் காக்க வேண்டிய பரப்பு குறைவு என்பதால் அவரை ஓட்டத்தைத் தடுக்கவும் இழுத்துக்கொள்ளலாம். அகலப் பக்கத்துக் கார்னர் பெரும்பாலும் தனியாள். அவருக்குத் தனியாக நின்று காக்கும் திறமை இல்லாவிட்டால் இந்த அமைப்பு நிற்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் இதுதான் உடைந்தது.

தொண்ணூறுகளில் ஃப்ரீ சேஃப்டியை ராபர் என்னும் வேலையில் வைத்திருந்தார். சுமார் பத்து யார்டு ஆழத்தில் நின்று, எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் உள்பக்க ரிசீவரைப் பார்த்துக்கொண்டே, ஓட்டம் என்றால் முன்னே பாய்வார். பந்தை எறியும் பாஸ் என்றால் நடுவில் வெட்டும் பாதையைத் திருடுவார். 1999இல் அந்த டிஃபென்ஸ் நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அதில் ஆடிய கோரி மூர் அந்த வருடம் நகுர்ஸ்கி, லாம்பார்டி என்று இரண்டு விருதுகளையும் வாங்கினார். தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 46-29 என்று தோற்றார்கள். 2003 டிசம்பரில் இன்சைட் பௌலில் ஆரன் ராட்ஜர்ஸ் இருந்த கலிஃபோர்னியா 52 புள்ளி அடித்தது. அதற்கப்புறம் 2005இலும் 2006இலும் விட்டுக்கொடுத்த யார்டுக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம். 2006இல் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது ஃபாஸ்டருக்குக் கிடைத்தது. அதே சீசனின் கடைசி ஆட்டத்தில் பாதி நேரத்தில் 21-3 என்று முன்னிலையில் இருந்து ஜார்ஜியாவிடம் 31-24 என்று தோற்றார்கள். ஒஃபென்ஸ் பந்தைத் தொலைத்துக்கொண்டே இருந்ததால் டிஃபென்ஸுக்கு மூச்சு விடவே நேரமில்லை. கோ-ஆர்டினேட்டரின் கணக்கில் இப்படி அடுத்தவர் செலவும் சேர்ந்தே எழுதப்படும்.

நடுவில் அவர் செய்த பெரிய மாற்றம் குவார்ட்டர்ஸ் என்னும் நால்வர் காவலைக் கூடுதலாகப் பயன்படுத்தியது. இரண்டு சேஃப்டிகள் எட்டு பத்து யார்டில் நிற்பார்கள். தங்கள் பக்கத்து உள் ரிசீவர் ஓடிப் போனால் அவரோடு போவார்கள், அவர் தடுக்க இறங்கினால் உடனே ஓட்டத்தை நோக்கிப் பாய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முன்னால் ஆள் குறைவாகத் தெரியும். ஸ்நாப் ஆன (பந்து ஆட்டத்துக்கு வந்த) பிறகு ஒன்பது பேர் ஓட்டத்தில் இருப்பார்கள். கணக்கில் குறைந்த அந்த ஓர் ஆளை அவர் இப்படித்தான் கண்டுபிடித்தார். இதில் தவறு நடக்கும் இடமும் அதேதான். ரிசீவர் தடுப்பது போல இரண்டு எட்டு வைத்துவிட்டு ஆழமாக ஓடினால், முன்னே பாய்ந்த சேஃப்டியால் திரும்பிப் பிடிக்க முடியாது. அரை நொடி அவசரம் போதும், பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிவிடும், டச்டவுன். இந்தக் கண்பழக்கம் ஒரு மாதத்தில் வராது. முதல் வருடம் ஆடாமல் உட்கார்ந்து, இரண்டாம் வருடம் மாற்று ஆளாக வந்து, மூன்றாம் வருடம்தான் ஒரு சேஃப்டி இதைச் சரியாகச் செய்வார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கல்லூரி மாறும் கோ-ஆர்டினேட்டர் அந்த மூன்றாம் வருடத்தைப் பார்ப்பதே இல்லை.

வாரத்தின் வேலை

வெளியே தெரியாத இன்னொரு விஷயம் நேரம். சீசனில் ஆட்டக்காரர்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல், நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாள் கட்டாய விடுப்பு. இது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. பயிற்சியாளர்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஞாயிறு அன்றே கிராஜுவேட் அசிஸ்டென்ட்கள் அடுத்த எதிரணியின் வீடியோவைப் பிரித்து உட்காருவார்கள். எத்தனையாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று), எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்த ஹாஷில், யார் யார் களத்தில், எந்த வரிசை, என்ன ஆடினார்கள் என்று ஒவ்வொன்றையும் பதிவது அவர்கள் வேலை. மூன்றாம் டவுனில் நீண்ட தூரம் பாக்கி இருக்கும்போது எதிரணி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்தப் பட்டியலில் இருந்துதான் வரும். பிறகு எதிரணியின் ஆட்டங்களை அட்டைகளில் வரைந்து, மாற்று ஆட்டக்காரர்களை வைத்து அப்படியே ஓடவிட்டுப் பழக வேண்டும். 20 மணி நேரத்துக்குள் புதிதாகக் கற்றுக்கொடுக்கக்கூடியது மிகக் கொஞ்சம். புதிய கோ-ஆர்டினேட்டர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். பலகையில் முப்பது விதமான அழைப்பு எழுதிவிடுவார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் பையன்கள் யோசித்துக்கொண்டு நிற்பார்கள். யோசிப்பவர் மெதுவாக ஓடுவார்.

அதோடு, ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ள மேல்தட்டுக் கல்லூரி ஆட்டத்தில் அனுமதி வந்ததே 2024இல்தான். ஃபாஸ்டரின் காலம் முழுக்கக் கைச்சைகைதான். எதிரணி கூடிப் பேசாமல் அடுத்தடுத்து பந்தை எடுத்தால், ஓரத்திலிருந்து காட்டும் சைகை பதினோரு பேருக்கும் சில நொடிகளில் போய்ச் சேர்ந்து, அவர்கள் பந்து இருக்கும் ஹாஷைப் பார்த்து இடம் மாறி நிற்க வேண்டும். ஆகவே அழைப்புகள் சின்னதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் பல வருடப் பழக்கம் இருக்க வேண்டும். விப் என்றால் விப். 1996இலும் அதுதான், 2016இலும் அதுதான். சார்லி வைல்ஸ் என்னும் முர்ரே ஸ்டேட்காரர் 1996 முதல் 2019 வரை டிஃபென்சிவ் லைனைப் பழக்கினார். கார்னர்களையும் சேஃப்டிகளையும் பத்து வருடம் பழக்கிய டோரியன் கிரே அதே கல்லூரியில் ஆடியவர். ஃபாஸ்டர் ஒன்றைச் சொன்னால் அறையில் இருந்த யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மற்ற இடங்களில் கோ-ஆர்டினேட்டர் மாறும்போதெல்லாம் சொற்கள் மாறும். நான்கு வருடத்தில் மூன்று விதமான சொற்களைக் கற்ற லைன்பேக்கர்கள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள்.

கொலம்பஸ், 2014 செப்டம்பர் 6

எல்லாம் ஒன்றுசேர்ந்தது ஓஹையோ ஸ்டேட்டின் மைதானத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால். எதிரே அவர்களின் ஹெட் கோச் அர்பன் மேயரின் ஒஃபென்ஸ். குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டைக் காயம், அவருக்குப் பதிலாக ஜே.டி. பேரட் தன் இரண்டாவது ஆட்டத்தைத்தான் தொடங்குகிறார். ஒஃபென்சிவ் லைனிலும் பெரும்பாலும் புது ஆட்கள். முந்தைய வாரம் அவர்கள் ஆடியது நேவியோடு, வர்ஜீனியா டெக் ஆடியது வில்லியம் அண்ட் மேரியோடு. கொலம்பஸுக்கு என்று வைத்திருந்ததை அந்த முதல் வாரத்தில் ஃபாஸ்டர் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

அன்று அவர் விரித்தது பேர் (Bear, கரடி) என்னும் முன்வரிசை. எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கு நேர் எதிரே ஒருவர். சென்டரின் இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளின் வெளித்தோளில் ஒவ்வொருவர். இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர். ஆக லைன் மேலேயே ஐந்து பேர். ஓஹையோ ஸ்டேட்டின் அடிப்படை ஆட்டமான இன்சைட் ஜோன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இதன் கூர்மை புரியும். சென்டரும் கார்டும் சேர்ந்து எதிரே நிற்கும் ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை இரண்டு பேராகத் தள்ளுவார்கள். அவர் நகர்ந்ததும் இருவரில் ஒருவர் கழன்று லைன்பேக்கரை நோக்கிப் போவார். பேர் முன்வரிசையில் சென்டருக்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரிலேயே ஆள் நிற்பதால் இரண்டு பேர் சேர்ந்து தள்ள ஆளே மிஞ்சாது. கழன்று போகவும் முடியாது. ஒருவரை எதிரே விட்டுவிட்டு கார்டு இன்னொரு பக்கம் இழுத்து ஓடினால், அந்த ஆள் நேராக குவார்ட்டர்பேக்கின் மடியில் விழுவார். லைன்பேக்கர்கள் இருவரும் தடுப்பாரின்றி நிற்பார்கள். குவார்ட்டர்பேக் ஓடினால் பிடிக்கவும் ஆள் தயார், ஏனென்றால் சேஃப்டிகளும் முன்னே வந்துவிட்டார்கள்.

பின்னால் என்ன ஆயிற்று? யாருமே இல்லை. கவர் ஜீரோ என்பார்கள்: ரிசீவர் ஒவ்வொருவருக்கும் ஒருவர், ஆழத்தில் காவல் பூஜ்யம். கெண்டல் ஃபுல்லர், பிராண்டன் ஃபேசன் என்னும் இரண்டாம் வருடக் கார்னர்கள் இருவரும் ஓரங்களில் தனியாக. ஒருவர் வழுக்கினாலும் டச்டவுன். பேரட் 29 தடவை எறிந்து 9 தடவைதான் முடித்தார். ஆனால் அந்த ஒன்பதில் 219 யார்டு போனது. முடிந்த ஒரு பாஸுக்குச் சராசரி 24 யார்டு! ஃபாஸ்டர் கொடுத்த விலை அது, தெரிந்தே கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தவை ஏழு சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), மூன்று இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தைப் பறிப்பது). பாதி நேரத்தில் 21-7 என்றிருந்த முன்னிலை பிற்பாதியில் 21-21 என்று சமனானது. அங்கே பெரும்பாலான கோ-ஆர்டினேட்டர்கள் பயந்து சேஃப்டியைப் பின்னே இழுத்திருப்பார்கள். ஃபாஸ்டர் தொடர்ந்து நெருக்கினார். டெக்கின் ஒஃபென்ஸ் 28-21 என்று மறுபடி முன்னேறியது. கடைசி நிமிடத்தில் டோனவன் ரைலி ஒரு பாஸைப் பறித்து 63 யார்டு ஓடி முடித்தார். 35-21. அந்த சீசனில் ஓஹையோ ஸ்டேட் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். ஜனவரியில் அவர்கள் ஆரிகனை 42-20 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள்.

பேர் முன்வரிசையை ஃபாஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. எண்பதுகளில் சிகாகோ பேர்ஸ் ஆடிய 46 அமைப்பிலிருந்து வந்தது அது, எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். தெரிந்த எல்லோரும் அதை ஆடியிருக்கலாமே? ஆட முடியாது. ஆழத்தில் துணையில்லாமல் நிற்கும் கார்னர் தினமும் அப்படியே பழகியிருக்க வேண்டும். டெக்கின் கார்னர்கள் முதல் நாளிலிருந்தே தனியாக நிற்கப் பழகுகிறவர்கள். ஓட்டத்தைப் பார்த்ததும் பாயும் கண் சேஃப்டிகளிடம் ஏற்கெனவே இருந்தது. ரோவர் கைஷோன் ஜாரட் அப்போது கடைசி வருடத்தில் இருந்தார். முன்வரிசையின் உருவம் மட்டும் புதிது. ஒவ்வொருவரின் வேலையும் பழையது. இருபது வருடம் ஒரே பேச்சைப் பேசிய ஒருவரால்தான் ஒரே சனிக்கிழமைக்காக இப்படி ஒன்றைக் கட்டி இறக்க முடியும். ஹெட் கோச் ஆவதற்காக நாலு ஊர் மாறியிருந்தால் இந்த இரவு வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த வாரமே ஈஸ்ட் கரோலைனா பிளாக்ஸ்பர்க்குக்கு வந்தது. அவர்களின் குவார்ட்டர்பேக் ஷேன் கார்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவே இல்லை. ஸ்நாப் ஆனதும் எறிந்துவிடுவார். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பிளிட்ஸ் வந்து சேரும் முன் பந்து போய்விட்டால் முன்னே கூட்டிய ஆட்கள் எல்லாம் வீண். முதல் கால்பகுதியிலேயே 21-0, 427 யார்டு பாஸ், 28-21 தோல்வி. நவம்பரில் வேக் ஃபாரஸ்டோடு நடந்தது இன்னும் வேதனை. நான்கு கால்பகுதியும் முடிந்தபோது 0-0. ஒரு டிஃபென்ஸ் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? இரண்டாவது கூடுதல் நேரத்தில் 6-3 என்று தோற்றார்கள். பட்டம் வென்ற அணியை வீழ்த்திய சீசன் 7-6 என்று முடிந்தது. ஹெட் கோச் பதவிக்கு ஆள் தேடுபவர்கள் அந்த 7-6ஐத்தான் பார்ப்பார்கள்.

2015 செப்டம்பரில் ஓஹையோ ஸ்டேட் பிளாக்ஸ்பர்க்குக்கு வந்தபோது ஃபாஸ்டர் மறுபடி முன்னே கூட்டினார். முதல் கால்பகுதியிலேயே ரன்னிங் பேக் எஸக்கியல் எலியட் வரிசையைத் தாண்டினார். தாண்டிய பிறகு பின்னால் ஒருவருமில்லை, 80 யார்டு. ரிசீவராக மாறியிருந்த பிராக்ஸ்டன் மில்லர் பந்தை நேரடியாக வாங்கி 53 யார்டு ஓடினார். பாதி நேரத்தில் டெக் 17-14 என்று முன்னிலையில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முடிவு 42-24. ஒரு வருடம் முன்பு வென்று கொடுத்த அதே ஏற்பாடு, எதிரணிக்கு யோசிக்க ஒரு வருடம் கிடைத்ததும் அதன் விலையை முழுசாகக் காட்டிவிட்டது.

கடைசி வருடங்கள்

அங்கேயே இருந்ததில் கேடும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பீமர் 2015இல் ஓய்வு பெற்றார். புதிய ஹெட் கோச்சாக வந்த ஜஸ்டின் ஃபியூன்டே ஃபாஸ்டரை விடவில்லை. கிரே போய்விட்டார். ட்ரெமெய்ன், டெரல் எட்மண்ட்ஸ் சகோதரர்கள் இருவரும், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். பின்வரிசையில் தனியாக நிற்கக்கூடியவர்கள் தீர்ந்துபோனார்கள். அந்த செப்டம்பரில், அந்த சீசனில் அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லாத ஓல்ட் டொமினியன் 632 யார்டு எடுத்து 49-35 என்று வென்றது. மாற்று ஆளாக இறங்கிய குவார்ட்டர்பேக் மட்டும் 495 யார்டு எறிந்தார். ஃபாஸ்டரின் அமைப்பு கார்னரை நம்பிக் கட்டியது. கார்னர் இல்லாதபோது முன்னே கூட்டவும் முடியாது, பின்னே இருக்கவும் தெரியாது. வேறொரு கோ-ஆர்டினேட்டர் என்றால் நல்ல ஆட்கள் குவியும் பெரிய கல்லூரிக்கு மாறியிருப்பார். இவர் இருக்கிற பையன்களை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2019 ஆகஸ்டில், அந்த சீசனோடு ஓய்வு என்று அறிவித்தார். செப்டம்பரில் டியூக் 45-10 என்று வந்து அடித்துவிட்டுப் போனது. ஆனால் அதே பையன்கள் நவம்பரில் ஜார்ஜியா டெக்கை 45-0, பிட்ஸ்பர்கை 28-0 என்று அடுத்தடுத்து பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். பிட்ஸ்பர்க் ஆட்டம்தான் டெக்கின் சொந்த மைதானமான லேன் ஸ்டேடியத்தில் அவருடைய கடைசி ஆட்டம். இரண்டு மாதத்தில் ஒரு டிஃபென்ஸ் இப்படித் தேறியதை நான் அவருடைய எந்த விருதுக்கும் மேலாக வைப்பேன். ஒரு வாரம் கழித்து வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 39-30 என்று வென்று, டெக்கிடம் 15 வருடமாகத் தொடர்ந்து தோற்றுவந்ததை முடித்துக்கொண்டது. பிரைஸ் பெர்கின்ஸ் என்னும் குவார்ட்டர்பேக் ஓடியும் எறிந்தும் அதைச் செய்தார்.

டிசம்பர் 31 அன்று சார்லட்டில் நடந்த பெல்க் பௌல் ஃபாஸ்டரின் கடைசி ஆட்டம். கென்டக்கியின் குவார்ட்டர்பேக்குகள் காயத்தில் விழுந்ததால், அந்த சீசனின் நடுவிலிருந்து லின் போடன் என்னும் ரிசீவர் குவார்ட்டர்பேக்காக ஆடிவந்தார். அன்று அவர் ஓடி எடுத்தது 233 யார்டு. எல்லோருக்கும் தெரியும் அவர் ஓடத்தான் போகிறார் என்று. தெரிந்தும் ஓர் ஆள் குறைந்தது, ஏனென்றால் பந்தை எடுப்பவரே ஓடும்போது மற்ற பத்துப் பேரும் தடுப்பவர்கள். டெக் 30-24 என்று முன்னிலையில் இருந்தபோது கென்டக்கி தன் 15 யார்டு கோட்டிலிருந்து தொடங்கி 18 முறை பந்தை எடுத்து ஆடி 85 யார்டு நகர்ந்தது. 15 நொடி பாக்கி இருக்கும்போது, நாள் முழுக்க ஓடிய போடன் 13 யார்டு பாஸ் எறிந்தார். டச்டவுன். ஓட்டத்துக்காக முன்னே வந்தவர்களுக்குப் பின்னால் பந்து போய் விழுந்தது. கொலம்பஸில் 29 எறிதலில் 20 தடவை தப்பிய அதே இடைவெளி. அதற்குப் பிறகு டெக் பந்தைத் தவறவிட்டு இன்னொரு டச்டவுனும் போனதால் 37-30 என்று பதிவாகியிருக்கிறது. டிஃபென்ஸின் பொறுப்பு அடுத்த சீசனிலிருந்து ஜஸ்டின் ஹாமில்டனுக்கு வந்தது. அவரும் வர்ஜீனியா டெக்கில் ஆடியவர்தான்.